வெளிநாட்டு ஏ.டி.எம்.மில் நம்மூர் அட்டை

2015 ஜூன் கடைசியில் கிரேக்க நாட்டு வங்கிகள் கதவை மூடின. அரசின் கடன் நெருக்கடி முற்றியிருந்தது. மக்கள் அச்சத்தில் பணத்தை எடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஏ.டி.எம்.மில் ஒரு நாளைக்கு 60 யூரோவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஏதென்ஸ் தெருக்களில் ஓய்வூதியக்காரர்கள் வெயிலில் வரிசை கட்டி நின்றார்கள். ஆனால் அதே இயந்திரத்தின் முன் வந்து நின்ற வெளிநாட்டுப் பயணிக்கு அந்த வரம்பு கிடையாது. அவருடைய ஊர் வங்கி எவ்வளவுக்கு அனுமதித்ததோ அதுவரை அவர் எடுக்கலாம்.

இதைப் பயணிகளுக்குக் காட்டிய சலுகை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. கிரேக்கர் தன் கணக்கிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு யூரோவும் அந்நாட்டு வங்கியின் இருப்பைக் கரைக்கிறது. பயணி எடுக்கும் யூரோவுக்கோ, அவருடைய ஊர் வங்கி ஓரிரு நாளில் ஈடுகட்டிவிடுகிறது. இயந்திரமும் நோட்டும் கிரேக்க வங்கியுடையவை. கணக்கு வேறொரு நாட்டில் இருக்கிறது. கொடுக்கலாமா, கூடாதா என்று முடிவு செய்வது அந்தக் கணக்கு இருக்கும் இடம்தான். வெளிநாட்டில் நம் அட்டை திடீரென்று மறுக்கப்படுவதற்கும், பணம் வந்தாலும் கணக்கில் எதிர்பாராத தொகை குறைவதற்கும் விளக்கம் பெரும்பாலும் இங்கேயே இருக்கிறது.

ஓர் ஊரில் இருக்கும் பணத்தை வேறு தேசத்தில் பெறுவது தமிழர்களுக்குப் பழகிய தொழில். பர்மா, மலேயா, இலங்கை எங்கும் கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் உண்டியல் எனும் பணச்சீட்டை எழுதிக் கொடுத்தார்கள். ரங்கூனில் பணத்தைக் கட்டிச் சீட்டு வாங்கியவர், சென்னையில் அதைக் காட்டிப் பணம் பெறலாம். கடைகளுக்கு இடையிலான கணக்கு பிறகு நேராகும். வாக்குறுதி, அதைச் சரிபார்த்தல், பின்னால் கணக்குத் தீர்த்தல் ஆகிய மூன்றும் இன்றைய வங்கி அட்டையிலும் உண்டு. நடுவில் இருக்கும் சரிபார்த்தல்தான் அடியோடு மாறிப்போனது. அன்று கையெழுத்தைப் பார்த்ததும் அடையாளம் சொல்ல ஏஜெண்டு இருந்தார். இன்று யாரையும் அறியாத இயந்திரம், முன்பின் தெரியாத ஒருவருக்குச் சில நொடிகளில் பணம் கொடுத்தாக வேண்டும்.

1967 ஜூன் 27 அன்று வடக்கு லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் பார்க்லேஸ் வங்கி நிறுவிய முதல் பணம் வழங்கும் இயந்திரத்தால் இதைச் செய்ய முடியாது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்டு பாரன் மேகாலயத்தின் ஷில்லாங்கில் பிறந்தவர். அவருடைய இயந்திரத்தில் அட்டை கிடையாது; கார்பன் 14 எனும் லேசான கதிரியக்கப் பொருள் தோய்த்த காசோலை ஒன்றைப் போட வேண்டும், 10 பவுண்டு வரும். இரகசிய எண் ஆறு இலக்கமாக இருக்கலாம் என்று அவர் எண்ணியிருந்தார். நான்குக்கு மேல் நினைவில் நிற்காது என்று மனைவி கரோலின் சொன்னதால் நான்கானது. அந்த இயந்திரம் எந்தக் கணினியோடும் இணைக்கப்படவில்லை. கணக்கில் பணம் இருக்கிறதா என்று கேட்க அதற்கு வழியில்லை, ஆகவே வேற்று வங்கி வாடிக்கையாளருக்கு அதனால் பயனும் இல்லை. இயந்திரங்கள் கணினியோடும், கணினிகள் வலையமைப்புகளோடும் இணைந்த பிறகுதான் பயணிக்கு விடிவு வந்தது. அமெரிக்காவில் தோன்றிய சிரஸ் வலையமைப்பை 1987-இல் மாஸ்டர்கார்டு வாங்கியது. பிளஸ் இன்று விசாவுடையது. உங்கள் அட்டையின் பின்புறத்தில் இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால் அது வெறும் அலங்காரமில்லை. எந்தப் பாதையில் உங்கள் கேள்வி ஊருக்குப் போகும் என்பதற்கான குறி அது.

அந்தப் பாதையில் நடந்து பார்ப்போம். பாங்காக்கில் ஒரு தாய்லாந்து வங்கியின் இயந்திரத்தில் இந்திய டெபிட் கார்டைச் செருகுகிறீர்கள். முதலில் அட்டை எண்ணின் தொடக்க இலக்கங்கள் படிக்கப்படுகின்றன. 4-இல் தொடங்கினால் விசா. முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள் எந்த வங்கியின் அட்டை என்பதைக் காட்டிவிடும். தன்னுடைய அட்டை இல்லை என்று தெரிந்ததும் தாய்லாந்து வங்கி கேள்வியை வலையமைப்பிடம் ஒப்படைக்கிறது. கேள்வி ஐ.எஸ்.ஓ. 8583 என்ற தரத்தில் எழுதப்படுகிறது. 0200 என்ற எண்ணோடு தொடங்கினால் அது பணக் கோரிக்கை. பதில் 0210 என்று திரும்பும். உள்ளே அட்டை எண், தொகை, நாணயம், இயந்திரத்தின் அடையாளம், நேரம் எல்லாம் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். தாய்லாந்து நாணயமான பாட்டுக்கு 764, ரூபாய்க்கு 356 என்று நாணயத்துக்குக்கூட எண்தான். இந்த மொழியை உலகெங்கும் வங்கிக் கணினிகள் புரிந்துகொள்ளும் என்பதால்தான் தாய்லாந்து மொழித் திரைக்குப் பின்னாலிருந்து கேட்ட கேள்விக்கு இந்தியாவிலிருந்து பதில் வருகிறது.

தூரம் ஒரு பொருட்டே அல்ல. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். செய்தி பூமியை ஒரு முழுச்சுற்று, அதாவது 40,000 கிலோமீட்டர், சுற்றினாலும் நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகும். நாம் காத்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி கணினிகள் சரிபார்ப்பதிலும் இயந்திரம் நோட்டு எண்ணுவதிலும் கழிகிறது.

உண்மையான சாமர்த்தியம் இரகசிய எண்ணைக் கொண்டுபோகும் விதத்தில் இருக்கிறது. முன்பின் அறியாத ஒரு வங்கியின் பொத்தான்களில் நம் எண்ணை அழுத்துகிறோம். அந்த வங்கியின் ஊழியர் ஒருவர் அதைப் பார்த்துவிட மாட்டாரா? முறையாக அமைக்கப்பட்ட இயந்திரத்தில் பார்க்க முடியாது. பொத்தான் பலகையே ஒரு சிறு மறையாக்கக் கருவி. எண்ணை அழுத்தியதுமே, அது இயந்திரத்தின் கணினிக்குப் போவதற்கு முன்பே, பலகைக்குள் மறையாக்கம் முடிந்துவிடும். யாராவது பலகையைத் திறக்க முயன்றால் உள்ளே இருக்கும் சாவி எண் தானாகவே அழிந்துபோகும். பரவலாகப் பயன்படும் முறையில், மறைப்பதற்கு முன் இரகசிய எண்ணோடு அட்டை எண்ணின் இலக்கங்களும் கலக்கப்படுகின்றன. ஆகவே ஒரே இரகசிய எண்ணை வைத்திருக்கும் இரண்டு பேருக்கும் மறைந்த வடிவம் வெவ்வேறாக வரும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. தாய்லாந்து வங்கிக்கும் உங்கள் வங்கிக்கும் நேரடி உறவே இல்லை. இருவருக்கும் பொதுவான சாவி கிடையாது. தாய்லாந்து வங்கி வலையமைப்போடு ஒரு சாவியைப் பகிர்ந்திருக்கிறது, வலையமைப்பு உங்கள் வங்கியோடு இன்னொரு சாவியை. எனவே நடுவில் ஒருமுறை பூட்டு மாற்றியாக வேண்டும். அந்தக் கணம் எண் வெளிப்பட்டால் எல்லாம் பாழ். இதற்காகவே பாதுகாப்புப் பெட்டி ஒன்று இருக்கிறது: ஒரு சாவியில் வந்ததைத் தனக்குள்ளேயே திறந்து, அடுத்த சாவியில் பூட்டி, பூட்டியதை மட்டுமே வெளியே தரும். அதை இயக்குபவராலும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. இந்த வகைப் பெட்டியை 1970-களில் வங்கிகளுக்குக் கொண்டுவந்தவர் எகிப்தில் பிறந்த பொறியாளர் முகமது அட்டல்லா. 1959-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டேவன் காங் என்பவரோடு சேர்ந்து மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரை உருவாக்கியவரும் இவரே. கணினிச் சில்லுகளின் அடிப்படைக்கும் வங்கி இரகசிய எண்ணின் பாதுகாப்புக்கும் பங்களித்த இந்த மனிதரின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை.

இரகசிய எண் அட்டைக்காரரை அடையாளம் காட்டுகிறது. அட்டையே அசலா என்பதைச் சில்லு காட்டுகிறது. பழைய காந்தப்பட்டையில் இருப்பது மாறாத தகவல். இயந்திரத்தின் வாயில் ஒட்டிய திருட்டுக் கருவி ஒருமுறை படித்தால் போதும், போலி அட்டை தயார். இ.எம்.வி. தரத்தில் அமைந்த சில்லு அப்படி ஏமாறாது. இயந்திரம் தொகை, நாணயம், தேதி ஆகியவற்றோடு அப்போதைக்கு உருவாக்கிய ஓர் எண்ணையும் சில்லுக்குக் கொடுக்கும். சில்லு தன்னுள் புதைந்திருக்கும் சாவியால் அவற்றைக் கலந்து ஒரு விடையைத் தரும். அதே கணக்கைப் போட்டுப் பார்க்க உங்கள் வங்கியால் முடியும். இரண்டும் ஒத்தால் அட்டை அசல். அடுத்த முறை விடை வேறு, ஆகவே ஒட்டுக் கேட்டவருக்கு லாபமில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் அட்டை மறுக்கப்படுவது ஏன்? பதில் செய்தியில் இரண்டு இலக்கக் குறியீடு ஒன்று வருகிறது. 00 என்றால் சம்மதம். 51 என்றால் இருப்பு போதாது, 55 என்றால் இரகசிய எண் தவறு, 61 என்றால் எடுக்கும் வரம்பைத் தாண்டிவிட்டது, 91 என்றால் உங்கள் வங்கியின் கணினி பதில் சொல்லவில்லை. பாங்காக்கின் திரையோ பல சமயம் இவற்றையெல்லாம் சேர்த்து ‘பரிவர்த்தனை இயலவில்லை’ என்று ஒரே வரியில் சொல்லிவிடும். பயணி இயந்திரம் கெட்டுப்போனதாக நினைத்து அடுத்த இயந்திரத்துக்கு ஓடுகிறார். மறுத்தது இந்தியாவில் உள்ள அவருடைய சொந்த வங்கி; எத்தனை இயந்திரம் மாறினாலும் பதில் மாறாது.

இந்தியர்களுக்கு இந்த மறுப்பு நேர்வதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்டு, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, புதிதாகத் தரப்படும் அட்டைகள் இந்தியாவுக்குள் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும். திருட்டைத் தடுக்கும் நல்ல விதி இது. ஆனால் விமானம் ஏறிய பிறகு நினைவுக்கு வந்தால் பெரும் தொல்லை. வெளிநாட்டு சிம்மில் ஓ.டி.பி. வராமல், செயலிக்குள் நுழைய முடியாமல் தவிப்பவர்கள் பலர். புறப்படும் முன் வீட்டிலிருந்தே திறந்துவிடுங்கள். வெளிநாட்டில் எடுப்பதற்கான தினசரி வரம்பையும் அங்கேயே பார்த்து வையுங்கள், அது உள்நாட்டு வரம்பிலிருந்து வேறாக இருக்கலாம்.

கடிகாரமும் விளையாடும். நம் வங்கிகள் கணினிப் பராமரிப்பை ஞாயிறு அதிகாலையில் வைத்துக்கொள்வது வழக்கம். இந்தியாவில் ஞாயிறு அதிகாலை 2 மணி என்றால் கோடைக்கால கலிபோர்னியாவில் சனிக்கிழமை பிற்பகல் 1.30, கடைத்தெருவில் கூட்டம் மொய்க்கும் நேரம். அப்போது மறுக்கப்பட்டால் இரண்டு மணி நேரம் கழித்து முயன்றாலே போதும்.

இன்னொரு சிறு தடை, திரை கேட்கும் கணக்கு வகை. சேமிப்பு, நடப்பு, கிரெடிட் என்று மூன்று தெரிந்தால் டெபிட் கார்டுக்குச் சேமிப்பைத் தேர்ந்தெடுப்பது இயல்பு. ஒவ்வொன்றும் கேள்விக்குள் ஒரு குறியீடாகப் போகிறது. ஒன்றில் மறுத்தால் மற்றதில் ஒருமுறை முயலலாம். ஆனால் இரகசிய எண்ணை மூன்று முறை தவறாக அழுத்தினால் அட்டை முடங்கும், அதில் கவனம் வேண்டும்.

பாதையே இல்லாத நாடுகளும் உண்டு. 2022 மார்ச்சில் உக்ரைன் போரை ஒட்டி விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவில் சேவையை நிறுத்தின. அன்றிலிருந்து வெளிநாட்டில் வழங்கிய அந்த அட்டைகள் மாஸ்கோவில் வெறும் பிளாஸ்டிக். ஈரானும் உலக அட்டை வலையமைப்புகளுக்கு வெளியே இருக்கிறது. அங்கே போகிறவர் முழுப் பயணத்துக்கும் ரொக்கம் சுமந்தே போகிறார். ஜப்பானின் கதை வேறு. அந்த நாட்டு வங்கி அட்டைகளின் காந்தப்பட்டை நெடுங்காலமாக முன்பக்கத்தில் இருந்தது, நம்முடையது பின்பக்கத்தில். தங்களுக்கென்று தனி வலையமைப்பும் வைத்திருந்ததால் பல ஜப்பானிய வங்கி இயந்திரங்களுக்கு அயல் அட்டையைப் படிக்கவே தெரியாது. 2007-இல் செவன் பேங்க் தன் இயந்திரங்களை வெளிநாட்டு அட்டைகளுக்குத் திறந்தபோது நிலைமை மாறியது. இன்றும் டோக்கியோவில் இறங்கும் பயணி தேடிப் போவது செவன் இலெவன் கடைகளையும் அஞ்சலகங்களையும்தான்.

இனிச் செலவு. பாங்காக் இயந்திரத்தில் பணம் எடுக்கும்போது மூன்று இடங்களில் கை நீளுகிறது. இயந்திரத்துக்குச் சொந்தமான வங்கி ஒரு கட்டணம் வாங்கும். தாய்லாந்தில் வெளிநாட்டு அட்டைக்கு ஒரு தடவைக்கு 220 பாட் என்பது நெடுங்காலம் பரவலாக இருந்த தொகை. உங்கள் வங்கி, வெளிநாட்டு ஏ.டி.எம். கட்டணம் என்று நூறு ரூபாய்க்கு மேல் ஒரு தொகை பிடிக்கும். அதற்கும் மேல் நாணய மாற்றுக்காக 2 முதல் 3.5 சதவீதம், உங்கள் வங்கியின் இந்த இரண்டு கட்டணங்கள் மீதும் 18 சதவீத ஜி.எஸ்.டி. இதையெல்லாம் எண்ணில் வைத்துப் பார்த்தால்தான் உறைக்கும். கணக்குக்காக ஒரு பாட் 2.60 ரூபாய் என்றும், இயந்திரக் கட்டணம் 220 பாட் என்றும், நம் வங்கியின் கட்டணம் 150 ரூபாய் என்றும், மாற்றுக் கட்டணம் 3.5 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். 10,000 பாட் எடுத்தால் அதன் மதிப்பு 26,000 ரூபாய்; கணக்கில் குறைவது சுமார் 27,846 ரூபாய். கூடுதல் 7 சதவீதம். அதுவே 2,000 பாட் மட்டும் எடுத்தால் மதிப்பு 5,200, குறைவது சுமார் 6,187. கூடுதல் 19 சதவீதம்! நிலையான கட்டணங்கள் சிறு தொகையைத்தான் அதிகம் தின்கின்றன. பாதுகாப்பாக வைத்துக்கொள்ள முடியும் என்றால் சில தடவை, பெரிய தொகையாக எடுப்பதே சிக்கனம்.

இந்தச் செலவுகளாவது சேவைக்கான விலை என்று ஏற்கலாம். என்னால் ஏற்க முடியாத ஒன்று திரையின் கடைசியில் காத்திருக்கிறது. ‘உங்கள் நாட்டு நாணயத்திலேயே கணக்கிடலாமா?’ என்று கேட்டு, ரூபாயில் ஒரு தொகையைக் காட்டும். ரூபாயைப் பார்த்ததும் மனதுக்கு ஒரு நிம்மதி வருகிறது, ஆமென்று அழுத்திவிடுகிறோம். அந்த ஒரு அழுத்தலில் நாணய மாற்று விகிதத்தை நிர்ணயிக்கும் உரிமையை விசா அல்லது மாஸ்டர்கார்டிடமிருந்து எடுத்து, இயந்திரத்தின் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுகிறோம். வலையமைப்புகளின் அன்றாட விகிதம் பொதுவாகச் சந்தை விலைக்கு மிக அருகில் இருக்கும். இயந்திரம் காட்டும் விகிதத்தில் 5 சதவீதமோ 10 சதவீதமோ ஏற்றம் இருப்பது சகஜம். பல இந்திய வங்கிகள், வெளிநாட்டில் ரூபாயில் நடக்கும் இத்தகைய பரிவர்த்தனைக்கும் தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. இரட்டை நஷ்டம்.

இதில் பொத்தான்களின் வாசகமே வலை. ‘மாற்று விகிதத்தை ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ என்று இரண்டு இருக்கும். மறுத்தால் பணமே வராது என்று பயணி அஞ்சுகிறார். அப்படியல்ல, மறுத்தாலும் பரிவர்த்தனை தொடரும், பாட் நாணயத்திலேயே கணக்காகி, ரூபாய் மாற்றம் வழக்கமான பாதையில் நடக்கும். இது சட்டத்துக்கு உட்பட்ட வியாபாரம்தான். ஆனால் பயணியின் குழப்பத்தைக் காசாக்கும் வியாபாரம். ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லைக்குள் இதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறது: ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் அதிகம் என்பதை இயந்திரம் முன்கூட்டியே காட்ட வேண்டும் என்ற விதி 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஒரு எண்ணைத் திரையில் காட்டச் சொன்னாலே பலர் தப்பிப்பார்கள். மற்ற நாடுகளும் இதைச் செய்ய வேண்டும்.

அரிதாக இன்னொரு விபரீதம் நடக்கும்: கணக்கில் பணம் குறைந்துவிடும், நோட்டு வராது. இயந்திரத்துக்குள் இருக்கும் பணப்பெட்டியிலிருந்து நோட்டுகளை ஒவ்வொன்றாக இழுக்கும் உருளைகளுக்கு அடுத்துத் தடிமன் அளக்கும் உணரி இருக்கிறது. இரண்டு நோட்டு ஒட்டி வந்தால் அதைத் தள்ளுபடிப் பெட்டியில் போட்டுவிட்டு வேறு நோட்டை எடுக்கும். நோட்டு சிக்கிக்கொண்டாலோ தொடர்பு அறுந்தாலோ, கொடுக்கவில்லை என்று தாய்லாந்து வங்கி ஒரு ரத்துச் செய்தியை அனுப்ப வேண்டும். அது வந்து சேர்ந்தால் பணம் தானாகவே திரும்பும். சேராவிட்டால் நீங்கள் புகார் கொடுக்க வேண்டும், அதுவும் உங்கள் வங்கியிடம். இயந்திரத்தின் பதிவேட்டையும் பெட்டியில் மிஞ்சிய நோட்டையும் ஒப்பிட்டு உண்மை கண்டுபிடிக்கப்படும். ஐந்து நாளில் திருப்பாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-இல் வகுத்த விதி உள்நாட்டுப் பரிவர்த்தனைகளுக்கு மட்டுமே. வெளிநாட்டில் நடந்ததற்கு அது பொருந்தாது. ஆகவே ரசீது வந்தால் எறியாதீர்கள்; வராவிட்டால் திரையையும் இயந்திரத்தின் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பதை வேறு வழியே இல்லாத நேரத்துக்கு ஒதுக்கி வைப்பது நல்லது. வாங்கிய பொருளுக்குக் கிடைக்கும் வட்டியில்லாக் காலம் ரொக்கத்துக்குக் கிடையாது, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ரூபே அட்டை வைத்திருப்பவர்கள் அது உலகளாவிய வகையா என்று பார்க்க வேண்டும். அந்த வகை டிஸ்கவர், டைனர்ஸ், ஜே.சி.பி. போன்ற குறிகள் உள்ள இயந்திரங்களில் செல்லும். 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையிலும் மொரீஷியஸிலும் யு.பி.ஐ. மூலம் கடைகளில் செலுத்த முடிகிறது. ஆனால் கையில் நோட்டு வேண்டுமென்றால் அங்கும் அட்டையோடு இயந்திரத்துக்குத்தான் போக வேண்டும்.

புறப்படும் முன் வெவ்வேறு வலையமைப்பைச் சேர்ந்த இரண்டு அட்டைகளை எடுத்து, ஒன்றைப் பையிலும் ஒன்றைப் பெட்டியிலும் வையுங்கள். வங்கியின் தொலைபேசி எண்ணை ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். 1800-இல் தொடங்கும் இலவச எண் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைக்காது; வெளிநாட்டிலிருந்து அழைக்கவென்று வங்கி தந்திருக்கும், +91-இல் தொடங்கும் எண்ணைத் தேடி எழுதுங்கள்.